காயலான் கடைக்குப் போகும் வயர்லெஸ் பெட்டிகள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது பொட்டி தட்டும் வேலைக்கு சம்பந்தமில்லாத, கொஞ்சம் டெக்னிக்கலான பதிவு. பாதியில் "அட போப்பா" என்று ஓடிவிடாமல் கடைசி வரை வந்தால், நம்மைப் போல் ஊரை விட்டு வந்து பூனேயிலும் பரோடாவிலும் டெல்லியிலும் குப்பை கொட்டுகிற தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு விஷயம் இருக்கிறது.

மேட்டர் இதுதான். நாடு முழுக்க போலீஸ், தொழிற்சாலைகள், துறைமுகங்கள், ஓட்டல்கள் எல்லாம் பழைய அனலாக் வயர்லெஸ் செட்டுகளைக் கழித்துக்கட்டிவிட்டு டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. கால் டாக்ஸிகளின் டேஷ்போர்டில் கரகரவென்று கத்திக்கொண்டிருக்குமே ஒரு கறுப்புப் பெட்டி, ஞாபகம் இருக்கிறதா? அதை ஸ்மார்ட்போன் எப்போதோ சாப்பிட்டுவிட்டது. அந்தப் பெட்டிகளெல்லாம் எங்கே போயின? பாதி குடோனில் தூசி படிந்து கிடக்கிறது. மீதி சுத்தியலால் உடைக்கப்பட்டு, நம் ஊரில் காயலான் கடை என்றும் இங்கே பங்கார் என்றும் சொல்கிற இடத்துக்கு, கிலோ கணக்கில் போகிறது.

இது அநியாயம் என்பதுதான் என் கட்சி. அந்தப் பெட்டிகளை ஹாம் ரேடியோக்காரர்களிடம் முறைப்படி ஒப்படைத்தால், ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு ரிபீட்டர் போடலாம். அதற்கு ஆகிற செலவு, ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு மேடை அலங்காரம் செய்கிற செலவுக்குள் அடங்கிவிடும்.

ரிபீட்டர் என்றால் என்ன?

ஹாம் ரேடியோ என்றால் அரசாங்கத்திடம் பரீட்சை எழுதி, உரிமம் வாங்கி, பொழுதுபோக்காகவும் பொதுச் சேவையாகவும் வயர்லெஸ்ஸில் பேசுவது. காசு வாங்கக்கூடாது, வியாபாரம் பேசக்கூடாது, ரகசியக் குறியீட்டில் பேசக்கூடாது. நம் நாட்டில் இவர்களுக்கென்று 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒரு துண்டும், 434 முதல் 438 வரை இன்னொரு துண்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். (குறைந்த அலைவரிசைகளிலும் உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.)

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறவை. கையில் பிடிக்கும் செட்டோடு இரண்டு பேர் தரையில் நின்று பேசினால் சமவெளியில் பத்து கிலோமீட்டர் என்று கணக்கு சொல்லும். நகரத்துக் கட்டடங்களுக்கு நடுவே இரண்டு, மூன்று கிலோமீட்டர் தாண்டினாலே பெரிய விஷயம். அதே ஆன்டெனாவை 30 மீட்டர் கட்டடத்தின் மேல் வைத்தால் அதன் ரேடியோ அடிவானம் 22 கிலோமீட்டரைத் தாண்டும். சுற்றுப்புறத்தை விட 700 மீட்டர் உயரமான மலை மேல் வைத்தால் 100 கிலோமீட்டர். இங்கே சிங்ககட் கோட்டை மேல் தூர்தர்ஷன் கோபுரம் நிற்கிறதே, அதை அழகுக்கா வைத்தார்கள்? உயரம்தான் காரணம்.

ஆக, உயரமான இடத்தில் ஒரு பெட்டியை வைத்துவிட வேண்டும். கீழே இருப்பவர் ஒரு அலைவரிசையில் பேசுவார். மேலே இருக்கும் பெட்டி அதைக் கேட்டு, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும். கிராமத்தில் ஆலமரத்தின் மேல் ஒரு பையனை ஏற்றிவிட்டு, "அங்க என்னடா சொல்றாங்க?" என்று கேட்பது போலத்தான். அந்தப் பையன்தான் ரிபீட்டர்.

அந்தப் பழைய பெட்டிகள் ஏன் வேண்டும்?

"சீனாவிலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்கு செட் வருதே, அதையே ரெண்டை இணைச்சா ஆகாதா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. இணைக்கலாம். இரண்டு வீடு தள்ளிப் பேசினால் வேலையும் செய்யும். ஆனால் ரிபீட்டர் என்பது ஒரே இடத்தில் ஒரு காது கேட்டுக்கொண்டிருக்க, பக்கத்திலேயே ஒரு வாய் கத்திக்கொண்டிருக்கிற அமைப்பு. மலிவு செட்டின் காது அந்தக் கத்தலில் செவிடாகிவிடும். தூரத்திலிருந்து வரும் மெல்லிய குரல் கேட்கவே கேட்காது.

வர்த்தகப் பயன்பாட்டுக்கென்று செய்த பெட்டிகளின் கதை வேறு. உதாரணத்துக்கு மோட்டரோலா ஜிஎம்300. தொண்ணூறுகளின் சரக்கு. வார்ப்பு உலோக உடம்பு, பின்பக்கம் வெப்பத்தைத் தணிக்கும் துடுப்புகள், பக்கத்து அலைவரிசை இரைச்சலை வடிகட்டும் நல்ல ரிசீவர். ஜீப்பிலும் லாரியிலும் பதினைந்து வருஷம் குலுங்கிவிட்டும் உயிரோடு இருக்கும். மோட்டரோலாவே இரண்டு ஜிஎம்300-ஐ ஒரே பெட்டிக்குள் வைத்து ஜிஆர்300 என்று ரிபீட்டராக விற்றது என்றால் பாருங்கள். ஹாம்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, கம்பெனி போட்ட பாதையிலேயே நடந்தால் போதும்.

அமெரிக்காவில் 2013 ஜனவரி 1-ம் தேதிக்குள் வர்த்தக ரேடியோக்கள் எல்லாம் 25 கிலோஹெர்ட்ஸ் அகலத்திலிருந்து 12.5-க்குச் சுருங்கியாக வேண்டும் என்று சட்டம் வந்தது. சுருங்கத் தெரியாத பழைய பெட்டிகள் பலவற்றை அங்கே ஹாம்கள் எடுத்து ரிபீட்டராக்கிக்கொண்டார்கள். இங்கேயும் பெட்டிகள் ஓய்வு பெறுகின்றன. ஆனால் ஹாம்கள் கைக்கு வந்து சேர்வது சொற்பம்.

மாற்றுவது எப்படி?

ரொம்பச் சுருக்கமாகச் சொல்கிறேன். சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது வாரக்கடைசி வேலை.

1) அலைவரிசை மாற்றுவது. இந்தப் பெட்டிகளில் சேனல்களை கம்ப்யூட்டர் மூலம்தான் எழுத முடியும். ஜிஎம்300-க்கான மென்பொருள் டாஸ் காலத்துச் சமாச்சாரம். இன்றைய வேகமான கம்ப்யூட்டரில் தடுமாறும். பரணில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு மோட்சம் கிடைக்கிற ஒரே இடம் இதுதான் :-) 146 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ரகமாக இருந்தால், 145-க்கு இறக்குவதற்கு மென்பொருளையும் ஏமாற்ற வேண்டும், உள்ளே டியூனிங்கும் செய்ய வேண்டும்.

2) இரண்டு பெட்டிகளைப் பேச வைப்பது. பின்னால் 16 பின் சாக்கெட் ஒன்று இருக்கும். கேட்கிற பெட்டியின் 11-ம் பின்னில் ஒலி வெளியே வரும். 8-ம் பின்னை, "சிக்னல் வந்துவிட்டது" என்று சொல்லும்படி மென்பொருளில் அமைத்துக்கொள்ளலாம். பேசுகிற பெட்டியின் 3-ம் பின்னைத் தரையோடு இணைத்தால் ஒலிபரப்பு தொடங்கும். 5-ம் பின்னில் ஒலியை உள்ளே கொடுக்கலாம். 7-ம் பின் தரை. நடுவில் ஒலி அளவைச் சரிசெய்ய ஒரு பிரீசெட். அடிப்படை அவ்வளவுதான். அழைப்புக் குறியீட்டை மோர்ஸில் சொல்லவும், யாராவது பட்டனை அழுத்தியபடியே தூங்கிவிட்டால் மூன்று நிமிடத்தில் வாயை மூடவும், ஒரு சின்ன ஆர்டுயினோ போர்டு போதும்.

3) சூடு. வண்டியில் வைக்கிற செட் அரை நிமிடம் பேசி ஐந்து நிமிடம் ஓய்வெடுக்கும்படி செய்தது. ரிபீட்டரில் ஓய்வே கிடையாது. ஆகவே பவரைப் பத்து, பதினைந்து வாட்டுக்குக் குறைத்து, பின்னால் ஒரு கம்ப்யூட்டர் ஃபேன் மாட்டிவிட வேண்டும். 'முழு பவர்ல போட்டா இன்னும் தூரம் போகுமே' என்ற ஆசை வரும். அந்த ஆசையில் எரிந்த டிரான்சிஸ்டர்கள் ஏராளம். தூரத்தைத் தருவது உயரம்தான், வாட் இல்லை.

4) டூப்ளெக்ஸர். இங்கேதான் பர்ஸ் திறக்கிறது. கேட்பதும் பேசுவதும் ஒரே ஆன்டெனாவில் நடக்க வேண்டும். 144 பேண்டில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். அவற்றைப் பிரிக்க, ஒவ்வொன்றும் அரை மீட்டருக்கு மேல் உயரமுள்ள நாலு அல்லது ஆறு உலோக உருளைகள் வேண்டும். ரேடியோ சும்மா கிடைத்தாலும் இது சும்மா கிடைக்காது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். நல்ல லேத் பட்டறைக்காரர் நண்பராக இருந்தால் செம்புக் குழாயிலும் பித்தளைத் தகட்டிலும் நாமே செய்துகொள்ளலாம். முன்பெல்லாம் இதை டியூன் செய்ய லட்சக்கணக்கில் விலையுள்ள கருவி வேண்டும். இப்போது சில ஆயிரம் ரூபாய்க்கு நானோவிஎன்ஏ என்று உள்ளங்கை அளவில் ஒரு கருவி கிடைக்கிறது. அதன் எல்லைகளைத் தெரிந்துகொண்டு பயன்படுத்தினால் வேலை நடக்கும்.

5) பேட்டரி. 12 வோல்ட்டில் ஓடுகிற பெட்டி என்பது பெரிய வரம். நம் வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற 100 ஆம்பியர் ஹவர் பேட்டரி ஒன்று, மிதமான பேச்சுக்கு ஒரு நாளைக்கு மேல் தாங்கும். ஒரு சோலார் பேனலும் சேர்த்தால் கரண்ட் போர்டைப் பற்றிய கவலை பாதி குறையும். இடிதாங்கியும் எர்த்தும் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாமல் போட வேண்டும்.

இதெல்லாம் இப்போது எதற்கு?

இங்கே தமிழ்ச் சங்கத்தில் பொங்கல் விழாவன்று ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, வாட்ச்மேன் கையிலகூட வாட்ஸப் இருக்கு. நீ இன்னும் ஓவர், ஓவர்னு கத்திக்கிட்டுத் திரியிறியே?" நியாயமான கேள்வி. "மாமா, 2015 டிசம்பர்ல மெட்ராஸ்ல இருந்த உங்க அக்காகிட்ட எத்தனை நாள் கழிச்சுப் பேசுனீங்க?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "மூணு நாள்பா" என்றார்.

ஊரை விட்டு வந்த எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு மூன்று நாள் இருக்கும். வெள்ளம் அங்கே, வயிற்றில் புளி கரைவது இங்கே. டிவியில் முடிச்சூரும் சைதாப்பேட்டையும் தண்ணீரில் மிதக்கும். போனை எடுத்தால் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று ஒரு பெண் குரல் சொல்லும். செல்போன் கோபுரம் நிற்கத்தான் செய்யும். ஆனால் கரண்ட் போய், பேட்டரி தீர்ந்து, ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுபோக வழி இல்லாமல், கூடவே ஃபைபர் கேபிளும் அறுந்து போனால் அது வெறும் இரும்புக் கோபுரம்தான்.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கம் அடித்த மழை ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், சுமார் 800 பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். வெளியிலிருந்து அவர்களைத் தொடர்புகொள்வதே பெரும்பாடாக இருந்தது. அந்தப் பக்கத்தில் உயரமான ஓர் இடத்தில் பேட்டரியில் ஓடும் ரிபீட்டர் ஒன்றும், வாரா வாரம் அதில் பேசிப் பழகிய பத்து பேரும் இருந்திருந்தால் வெள்ளம் வடிந்திருக்காதுதான். ஆனால் "இங்கே இத்தனை பேர் இருக்கிறோம், இத்தனை குழந்தைகள், பால் வேண்டும், மருந்து வேண்டும்" என்ற தகவல் சில மணி நேரமாவது முன்னால் போயிருக்கும்.

இது கற்பனையும் இல்லை. 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு போர்ட் பிளேருக்குப் போயிருந்தது, சும்மா பொழுதுபோக்காக உலகத்தோடு பேசத்தான். 26-ம் தேதி சுனாமி வந்தது. பொழுதுபோக்கை அப்படியே நிறுத்திவிட்டு, அதே கருவிகளைக்கொண்டு அந்தமானுக்கும் வெளி உலகத்துக்கும் நடுவே தகவல் பாலமாக நின்றார்கள். கருவி அங்கே முன்கூட்டியே இருந்ததும், அதைக் கையாளத் தெரிந்தவர்கள் பக்கத்திலேயே இருந்ததும்தான் காரணம். புயல் வந்த பிறகு ரிபீட்டர் கட்ட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள். வயர்லெஸ் கருவியை உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம் என்பது 1933-ம் வருடச் சட்டத்திலிருந்து வருகிற நிலை. 2023-ல் வந்த புதிய தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அது குற்றம்தான். 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், முறையான விவரம் இல்லாமல் வாக்கி டாக்கி விற்றதற்காக ஆன்லைன் கடைகளுக்கு 13 நோட்டீஸ் அனுப்பியது. ஆகவே காயலான் கடையில் கிடைத்ததே என்று யாரும் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வர வேண்டாம். ரிபீட்டருக்கும் முறைப்படி டபிள்யூபிசி-யின் அனுமதி வேண்டும்.

இந்தக் கட்டுப்பாடு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாம் இருக்கிற நாட்டின் பாதுகாப்பு நிலைமை அப்படி. என் வருத்தம் வேறு. இங்கே ஒரு தொழிற்சாலையில் நாற்பதுக்கு மேற்பட்ட செட்டுகளைக் கழித்தார்கள். உரிமம் உள்ள ஹாம் கிளப்புக்குக் கொடுக்கலாமே என்று கேட்டதற்கு, "பேப்பர் வேலை யார் சார் செய்யறது? உடைச்சுட்டோம்னு எழுதினா ஃபைல் க்ளோஸ்" என்று பதில் வந்தது. அந்த அதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன். உடைப்பது சுலபமாகவும் கொடுப்பது சிரமமாகவும் இருந்தால், யாரும் உடைக்கத்தான் செய்வார்கள்.

மாற வேண்டியது அதுதான். பழைய செட்டைக் கழிக்கும்போது, சீரியல் நம்பரோடு ஒரே ஒரு படிவத்தில், உரிமம் உள்ள கிளப் பெயருக்கு மாற்றிக் கொடுக்க வழி இருக்கட்டும். டபிள்யூபிசி-யின் உரிம வேலைகள் ஏற்கெனவே சரள் சஞ்சார் இணையதளத்தில்தான் நடக்கின்றன. அதில் இன்னும் ஒரு பக்கம் சேர்ப்பது மலையைப் புரட்டும் காரியமில்லை. எந்தப் பெட்டி யாரிடம் இருக்கிறது என்பதும் அரசாங்கத்துக்குத் தெரியும். கணக்கில்லாமல் பங்காருக்குப் போவதை விட இது பாதுகாப்பும்கூட.

நாம் என்ன செய்யலாம்?

முதலில், வீட்டில் 12 வயது நிரம்பிய பிள்ளை இருந்தால் ஹாம் பரீட்சை எழுத வையுங்கள். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் கூடத் தேவையில்லை. அடிப்படை எலக்ட்ரானிக்ஸும் விதிமுறைகளும்தான். ஓய்வு பெற்று நம்மோடு வந்து தங்கி, நாலு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் அப்பாக்களுக்கும் இது நல்ல மருந்து.

இரண்டாவது, நம்மில் பலர் கம்பெனிகளில் பர்ச்சேஸ், அட்மின், மெயின்டெனன்ஸ் நாற்காலிகளில் இருக்கிறோம். கழிக்கும் பட்டியலில் வயர்லெஸ் செட் வந்தால், 'உடைக்கவும்' என்று கையெழுத்துப் போடும் முன் உள்ளூர் ஹாம் கிளப்புக்கு ஒரு போன் போடுங்கள். செட் இல்லாவிட்டாலும் அதன் ஆன்டெனா, நல்ல கேபிள், பவர் சப்ளை எல்லாம் உதவும்.

மூன்றாவது, இதுதான் முக்கியம். பூனேயில் நான் ரிபீட்டர் போட்டால் நாகப்பட்டினத்தில் இருக்கும் அம்மாவோடு பேச முடியாது. அதற்கு அங்கே ஒரு ரிபீட்டர் வேண்டும். அங்கிருந்து இங்கே கொண்டுவர 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற குறைந்த அலைவரிசைகள் இருக்கின்றன. அவை வானத்தில் மோதித் திரும்பி, ஆயிரம் கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். உள்ளூருக்கு ரிபீட்டர், வெளியூருக்குக் குறைந்த அலைவரிசை. இரண்டும் சேர்ந்தால்தான் பாலம் முழுமையாகும்.

ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நாம் பணம் அனுப்புகிறோம். அனுப்பத்தான் வேண்டும். அதோடு கூட ஒருமுறை, நம் மாவட்டத்தில் உள்ள ஹாம்களைத் தேடிப்பிடித்து, "உங்களுக்கு டூப்ளெக்ஸர் இருக்கா? பேட்டரி மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பேட்டரி செத்துப்போனால் ரிபீட்டரும் ஊமைதான். பத்து குடும்பம் சேர்ந்தால் ஒரு பேட்டரி ஒன்றும் பெரிய காசில்லை.

வடகிழக்குப் பருவமழை வருஷா வருஷம் வரும். அக்டோபருக்கு முன்னால் ஒரு பெட்டியாவது சுத்தியலுக்குத் தப்பி, நம் ஊர் மாடியில் ஏறினால் சந்தோஷப்படுவேன்.

டிஸ்கி: பின் நம்பரெல்லாம் ஜிஎம்300-க்கு மட்டும். வேறு மாடலில் இதே மாதிரி இணைத்துவிட்டுப் புகை வந்தால் கம்பெனி பொறுப்பல்ல :-)